1876 தேர்தலை இன்றைய சர்ச்சைகளோடு ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு சர்ச்சைக்குள்ளாகும்போதெல்லாம் 1876ஆம் ஆண்டின் பேச்சு எழுகிறது. அந்த ஒப்பீடு பொருந்துமா என்று அறிய, முதலில் தேர்வாளர் வாக்குகளை, அதாவது அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய தேர்வாளர்கள் போடும் வாக்குகளை, கூட்டிப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல் முந்தியிருந்தும், தேர்வாளர் வாக்குகளில் 184 பெற்று, பெரும்பான்மைக்கு ஒன்றே ஒன்று குறைந்து நின்றார். குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸிடம் 165 இருந்தன. நான்கு மாநிலங்களின் 20 வாக்குகள் முடிவாகாமல் கிடந்தன.

அடுத்து, தங்கள் தேர்வாளர்கள் யார் என்று மாநிலங்கள் அனுப்பிய சான்றிதழ்களைப் பாருங்கள். ஒப்பீட்டின் உயிர்நாடி இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஓரிகனில் வென்றவர் ஹேய்ஸ்தான். ஆனால் அவருடைய தேர்வாளர்களில் ஒருவர் அஞ்சல் அலுவலராக இருந்தார். மத்திய அரசுப் பதவியில் இருப்பவர் தேர்வாளராகக் கூடாது என்கிறது அரசியலமைப்பு. அதைக் காரணம் காட்டி, ஜனநாயகக் கட்சி ஆளுநர் தம் கட்சிக்காரர் ஒருவருக்குச் சான்றளித்தார். எதிர்த்தரப்பும் தன் வாக்குகளைத் தனியே அனுப்பியது. புளோரிடா, லூசியானா, தென் கரோலினாவிலிருந்தும் ஒன்றுக்கொன்று முரணான சான்றிதழ்கள் வந்தன. எதை எண்ணுவது என்று சொல்லத் தெளிவான சட்டம் அன்று இல்லை. 2020இலோ, போட்டித் தேர்வாளர்கள் என்று சிலர் அனுப்பிய தாள்களில் எந்த ஆளுநரின் சான்றும் இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் தவறு.

பிறகு, தீர்ப்பளித்தவர் யார் என்று கேளுங்கள். 1877இல் பதினைந்து பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. நடுநிலையாளர் என்று எதிர்பார்க்கப்பட்ட நீதிபதி டேவிட் டேவிஸ் செனட்டுக்குத் தேர்வாகி விலகிக்கொள்ள, ஜோசப் பிராட்லி அந்த இடத்துக்கு வந்தார். கட்சி வாரியாகவே 8க்கு 7 என்ற கணக்கில் இருபது வாக்குகளும் ஹேய்ஸுக்குப் போயின. 2000 அதிபர் தேர்தலில், வித்தியாசம் 537 வாக்குகளாக இருந்த புளோரிடாவில் மீண்டும் எண்ணும் பணியை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என நிறுத்தியதை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம்.

வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்களை மறந்துவிடாதீர்கள். தெற்கில் கறுப்பின வாக்காளர்கள் அடித்தும் கொன்றும் மிரட்டப்பட்டார்கள். அவர்கள் ஆதரித்த மாநில அரசுகளைக் காத்துநின்ற மத்திய அரசுப் படைகளும் 1877 ஏப்ரலில் விலக்கப்பட்டன.

கடைசியாக, சர்ச்சை நடந்த ஆண்டின் சட்டத்தைப் படியுங்கள். தேர்வாளர் வாக்குகளை எண்ணுவது பற்றிய 1887ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு செனட்டரும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்தாலே ஒரு மாநிலத்தின் வாக்குகளுக்கு ஆட்சேபம் எழுப்ப முடிந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும்.