ஹாஃப் டைம் பத்து நிமிடத்தில் கோச்சுகள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஓர் அண்டர் 15 ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். ஹாஃப் டைம் விசில் அடித்ததும் டீமின் இளம் கோச் கத்திக்கொண்டே கிரவுண்டுக்குள் ஓடினார். பையன்கள் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் மூன்று தவறுகளைச் சொல்லி முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆரம்பத்தில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் இதற்கு நான் கொடுத்த விலையை அவரும் கொடுக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். தண்ணீர் கேனை மறப்பது, பையன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது போன்ற, எல்லாருக்கும் தெரிந்த தவறுகளுக்குள் போகவில்லை.

எத்தனை நிமிடம் என்று கேட்காமல் இருப்பது

இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் ஆட்ட விதி. அதற்குள் எவ்வளவு என்பதைப் போட்டி நடத்துபவர்கள் முடிவு செய்வார்கள். பத்து கொடுப்பார்கள், வெளிச்சம் போகிறது என்றால் ஐந்தும் கொடுப்பார்கள். மேட்ச் தொடங்கும் முன்பே ரெஃப்ரியிடம் கேட்டுவிடுங்கள். பத்து என்றாலும் நடந்து வருவது, நடந்து போவது, லேஸ் கட்டுவது எல்லாம் போக உங்கள் கையில் மிஞ்சுவது ஏழுதான்.

பையன்கள் உட்காருவதற்குள் பேச ஆரம்பிப்பது

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் இதை யார் செய்து பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மாவட்ட அளவில் ஓர் அண்டர் 17 அரையிறுதி. நாங்கள் 1-0 முன்னிலை, பத்து நிமிட இடைவேளை. எதிரணியின் லெஃப்ட் விங்கர் (இடது ஓரமாக ஏறி வருபவன்) நல்ல வேகக்காரன், முதல் பாதி முழுக்க அந்தப் பக்கம் தடுக்கும் எங்கள் ரைட் பேக் ஒருவன்தான் அவனோடு ஓடி ஓடிச் சமாளித்தான். பையன்கள் வந்து உட்கார உட்கார நான் ஆரம்பித்துவிட்டேன். மிட்ஃபீல்டில் இடைவெளி விழுகிறது, த்ரோ இன் மெதுவாகப் போடுகிறீர்கள், கார்னரில் யார் யாரைப் பிடிப்பது, ஸ்ட்ரைக்கர் ஏன் ஆஃப்சைடில் போய் நிற்கிறான் என்று ஒன்று முடிய ஒன்றாக எட்டு நிமிடம். நடுவில் ரைட் பேக் கையைத் தூக்கினான். வலது கால் ஸ்டாக்கிங்கைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, ஷின் கார்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். பார்த்தும், "இருப்பா, முடிச்சிடறேன்" என்று கையமர்த்தினேன். நான் முடிப்பதற்குள் ரெஃப்ரி கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் பாதியின் நான்காவது நிமிடம். விங்கருக்கு நீளமாக ஒரு பந்து வந்தது. எங்கள் பையன் நாலடி ஓடி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோல். அவனுக்குப் பதிலாக இறக்கிய பையனோ இடைவேளை முழுக்கச் சம்மணம் போட்டு என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன், உடம்பே சூடாகியிருக்கவில்லை. அதே பக்கம் இன்னொரு கோல் விழுந்தது, 1-2 என்று தோற்றோம். மேட்ச் முடிந்ததும் ரைட் பேக் அழுதுகொண்டே வந்தான். "சொல்ல வந்தேன் சார், நீங்க பேசிட்டு இருந்தீங்க."

முதல் மூன்று நிமிடம் பையன்களுக்கு எதுவும் ஏறாது. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள், கண் தண்ணீர் பாட்டிலைத் தேடும், கோல் விட்டவன் தலையைக் குனிந்திருப்பான். அந்த நேரத்தில் நான் இப்போது பத்தடி தள்ளி நின்றுகொள்கிறேன். உதவிக் கோச் ஒவ்வொரு பையனிடமும் போய்க் கால் எப்படி இருக்கிறது, எங்கே வலி என்று கேட்டுவிட்டு என்னிடம் வருவார். (உதவிக்கு ஆள் இல்லாத டீமில் கேப்டனிடம் இந்த வேலையைக் கொடுங்கள், நன்றாகவே செய்வான்.) அதைக் கேட்ட பிறகுதான் என்ன பேசுவது என்றே முடிவு செய்கிறேன். பேச்சு மூன்று நிமிடம், விஷயம் இரண்டு: பந்து நம்மிடம் இருக்கும்போது ஒன்று, எதிரணியிடம் இருக்கும்போது ஒன்று. மூன்றாவதாக ஏதாவது தோன்றினால், அது எந்தப் பையனுக்கோ அவனிடம் மட்டும், கிரவுண்டுக்குள் திரும்பி நடக்கும்போது சொல்கிறேன். முடித்ததும் யாராவது ஒருவனைப் பார்த்து "நீ இப்ப என்ன செய்யப் போற, சொல்லு" என்று கேட்பேன். அவன் திணறினால், நான் சரியாகச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு அதையே இன்னும் எளிமையாகச் சொல்கிறேன்.

காயம் கேட்காமல் சப் (மாற்று ஆள்) முடிவு செய்வது

2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியை இப்போதும் பேசுகிறோம். இடைவேளையில் லிவர்பூல் ஏசி மிலானிடம் 0-3 பின்தங்கியிருந்தது. ஹமான் என்ற ஆட்டக்காரரை இறக்க முடிவு செய்த லிவர்பூல் பயிற்சியாளர் பெனிடெஸ், ஆடிக்கொண்டிருந்த டிராவோரேயிடம் நீ வெளியே என்று சொல்லிவிட்டார், அவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டார். அதற்கு அப்புறம்தான் ஃபின்னன் என்ற இன்னொரு ஆட்டக்காரரால் தொடர முடியாது என்று ஃபிசியோ சொல்ல, ஃபின்னனுக்குப் பதில் ஹமான் என்று மாறி, டிராவோரே மறுபடி பூட்ஸ் மாட்ட வேண்டி வந்தது. அதன் பிறகு ஆறே நிமிடத்தில் மூன்று கோல் அடித்து, பெனால்டியில் கோப்பையையும் வாங்கினார்கள். எனக்கு அந்த மேட்ச் என்றால் முதலில் ஞாபகம் வருவது கழற்றி மாட்டிய அந்தப் பூட்ஸ்தான். அவர்களிடம் ஃபிசியோ இருந்தார், நேரம் இருந்தது, திருத்திக்கொண்டார்கள். நம்மிடம் இரண்டும் கிடையாது, அதனால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. ஐந்து சப் உள்ள பல போட்டிகளில் ஆட்ட நேரத்தில் மூன்று தடவைதான் மாற்ற முடியும், இடைவேளையில் மாற்றுவது அந்தக் கணக்கில் வராது. இடைவேளையில் தயங்கிவிட்டு ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் மாற்றினால் ஒரு வாய்ப்பு போய்விடுகிறது. மாற்றுவதை ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடைசி வரை உட்கார வைப்பது

டென்மார்க் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இடைவேளையில் சும்மா இருந்தவர்களுக்குத் தசையின் சூடு இறங்கி ஓட்ட வேகமும் குறைந்தது. லேசாக ஓடியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. நம் வெயிலில் அவ்வளவு ஓட வேண்டியதில்லை, கடைசி இரண்டு நிமிடம் எழுப்பி நிற்கவைத்து மூன்று நான்கு குட்டி ஓட்டம் விட்டாலே போதும். முக்கியமாக, இறங்கப்போகும் சப் இடைவேளை தொடங்கியதிலிருந்தே பந்தோடு கிரவுண்டில் இருக்கட்டும்.

கீப்பரை மறப்பது

பக்கம் மாறியதும் வெயில் முகத்தில் அடிக்குமா என்று அவனோடு போய் நின்று பாருங்கள்.

பெற்றோரை உள்ளே விடுவது

விடாதீர்கள்.

ரெஃப்ரியிடம் போய் நிற்பது

2019 முதல் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. இடைவேளையில் சிவப்பு வாங்கினால் இரண்டாம் பாதிக்குப் பையன்கள் பக்கத்தில் நீங்கள் இருக்க முடியாது. அட்டை இல்லாமல் தப்பித்தாலும் நீங்கள் அங்கே ஆஃப்சைடைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில், இங்கே மரத்தடியில் ஒரு பையன் ஷின் கார்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு உங்களைத் தேடிக்கொண்டிருப்பான்.