குயில்ட் துணி குவிந்துவிட்டதா? குறைக்கும் வழி

இரண்டு கட்டில் பெட்டி, ஒரு பீரோ, பரணில் சில அட்டைப்பெட்டிகள். குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, அடித்துணி வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க நான் சேர்த்த துணிகள் இத்தனை இடத்தில் இருந்தன. இப்போது பீரோவின் இரண்டு தட்டில் அடங்கிவிட்டன. எப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. நிறவாரியாக அடுக்குவது, அழகாகச் சுருட்டி வைப்பது எதுவும் இதில் வராது. அவை துணியை இடம் மாற்றுமே தவிர குறைக்காது.

முதலில் எடை

எண்ணவும் வேண்டாம், டேப் வைத்து அளக்கவும் வேண்டாம். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும். துணியைக் கட்டைப்பையில் போட்டு, பை பையாக நிறுத்துக்கொண்டே வாருங்கள்.

44 இன்ச் பன்னா பருத்தித் துணி மீட்டருக்கு ஏறத்தாழ 130 முதல் 160 கிராம் வரும். கிலோவுக்கு 7 மீட்டர் என்று வையுங்கள். மல் துணி இதைவிட லேசு, தடித்த கைத்தறி கனம். 60க்கு 90 இன்ச் ஒற்றைக் கட்டில் குயில்ட் ஒன்றுக்கு மேல்பக்கம் நாலரை மீட்டர், அடித்துணி ஐந்து மீட்டர், ஓரப்பட்டி அரை மீட்டர், மொத்தம் 10 மீட்டர் செலவாகும். அப்படியானால் 40 கிலோ துணி என்பது 280 மீட்டர், அதாவது 28 குயில்ட். இரண்டு மாதத்துக்கு ஒன்று தைத்தாலும் நாலரை வருஷம் தாண்டும், அதுவும் புதிதாக ஒரு மீட்டர்கூட வாங்காமல்.

இரண்டு வருஷத்தில் உங்கள் வேகத்துக்கு எவ்வளவு தைப்பீர்களோ, அதற்கான எடைதான் இலக்கு. மேலே சொன்ன வேகத்துக்கு அது 17 கிலோ. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவில் ஒட்டுங்கள். இது இல்லாமல் தொடங்கினால் "கொஞ்சம் குறைத்தோம்" என்ற திருப்தியோடு நின்றுவிடுவோம்.

உதவாததைக் கழிப்பது

இது சுலபம். சந்தேகமான துணியிலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இரண்டும் தெரிந்தால் கலப்பு. பருத்திச் சூட்டில் தேய்க்கும்போது கலப்புத் துணி சுருங்கித் தொல்லை கொடுக்கும், அதனால் நான் வைத்துக்கொள்வதில்லை. ரேயானும் பருத்தி போலவே எரியும். அதை வழுவழுப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. பழைய கலம்காரியில் கறுப்புக் கோடுகள் உள்ள இடத்தை இரண்டு கட்டைவிரலால் அழுத்தி இழுங்கள். அந்தக் கறுப்பு, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கரைசலில் வருவது. இரும்புச் சாயம் காலப்போக்கில் இழையை அரித்துவிடும். கிழிந்தால் தயங்காமல் வெளியே. ராமபாணப் பூச்சி அரித்த கஞ்சித் துணிகளும் அதே வழியில்.

நீளம் பார்த்துப் பிரிப்பது

எனக்கு வெகுநாள் இழுத்தடித்த இடம் இது. குயில்ட் வீடியோக்கள் எல்லாம் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்கின்றன. நிறம் பார்த்தால் எந்தத் துணியும் போகாது. எல்லா நீலமும் அழகாகத்தான் இருக்கும். நீளம் பார்த்துப் பிரியுங்கள், மூன்றே குவியல்.

இரண்டரை மீட்டருக்கு மேல் உள்ளவை ஒரு பக்கம். அடித்துணிக்கு இரண்டு நீளம் சேர்த்துத் தைப்பதற்கு இவைதான் வேண்டும், எனவே இவற்றுக்கு வேலை இருக்கிறது. அரை மீட்டருக்குக் கீழே உள்ளவை இன்னொரு பக்கம். இவை துண்டுகள், எந்த வேலைக்கும் கலந்துவிடும்.

சிக்கல் நடுக்குவியலில். அரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை. பெரும்பாலும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். கடையில் "இந்த பிரிண்ட் திரும்ப வராதும்மா" என்றதும் என்ன தைக்கப்போகிறோம் என்று தெரியாமலே வெட்டச் சொன்னவை. அடித்துணிக்குப் போதாது, துண்டாக வெட்ட மனசு வராது. உங்கள் எடையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இதற்கு என் விதி: கூட்டாளி இல்லாத துணி தங்கக்கூடாது. தரையில் ஒன்றை விரியுங்கள். அதே குவியலிலிருந்து அதனோடு ஒரே குயில்ட்டில் நிற்கக்கூடிய மூன்று துணிகளை எடுத்து மேலே வையுங்கள். வெளிர், நடு, அடர்த்தி என்று சாயலும், பெரியது, சிறியது என்று வடிவமும் கலந்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குள் கிடைத்தால் நான்கையும் சேர்த்து நாடாவால் கட்டி உள்ளே வையுங்கள். கிடைக்காவிட்டால் அது தனியாகவே இருக்கப் பிறந்த துணி, போகட்டும். "மூணாவதை வாங்கிக்கலாம்" என்பது செல்லாது.

அஜ்ரக் (கட்டை அச்சுத் துணி), இகத் (நூலிலேயே சாயமேற்றி நெய்தது), பெரிய பூப்போட்ட துணிகள்தான் பெரும்பாலும் தோற்கும். ஒவ்வொன்றும் தானே கதாநாயகனாக நிற்கப் பார்க்கும். தப்பிப்பவை சின்னப் புள்ளி, கோடு, சாதா நிறங்கள். கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத துணிகள்!

ஒரு எச்சரிக்கை: நடுக்குவியலைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் இரண்டரை இன்ச் சதுரங்களாக வெட்டிவிடாதீர்கள். வெட்டாத ஒரு மீட்டரை யாருக்கும் கொடுக்கலாம். சதுரமாக வெட்டிவிட்டால் இன்னொரு குயில்ட்காரரைத் தவிர யாருக்கும் உதவாது.

எங்கே அனுப்புவது

நம் ஊரில் ஒரு வசதி. 44 இன்ச் பன்னாவில் ஒரு மீட்டர் என்றால் அது ரவிக்கைத் துணி! நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள். தோற்ற அஜ்ரக் எல்லாம் ஜாக்கெட்டாகப் பிரமாதமாக இருக்கும். அலமாரியில் சேர்ந்த பாலியஸ்டர் பிட்டுகளும் கொலுவில் வந்தவைதானே, ஆனால் அவற்றைத் திரும்ப அங்கேயே சுற்றில் விடாதீர்கள். தையல் பழகுகிற பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பயிற்சிக்கு ஆகும்.

பருத்தி நிறைய இருந்தால், பழைய துணிகளைச் சேகரித்துப் பயன்படுத்தும், 1999இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகளுக்கு அனுப்பலாம். அவர்கள் பருத்தித் துணியில் சானிட்டரி பேட் செய்கிறார்கள். அனுப்பும் முன் என்ன வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். கிழிந்த பருத்தி ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கப் போகும்.

விற்கலாமா? முயலலாம். போட்டோ எடுத்து, அளவு சொல்லி, பேரம் பேசி, கூரியர் போடுவதற்குள் அந்தத் துணியிலேயே ஒரு தலையணை உறை தைத்துவிடலாம்.

துண்டுகள்

அரை மீட்டருக்குக் கீழே உள்ளவற்றைத் தரம் பிரிக்காதீர்கள். ஒரே கூடை, நிரம்பினால் தைக்கத் தொடங்க வேண்டும் என்று அர்த்தம். கர்நாடகத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி போர்வை முறைதான் இதற்குச் சரி. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்து நூலோட்டத் தையல் போட்டபடியே நடுவை நோக்கிச் சுற்றி வருவார்கள். அளவுகோல் வேண்டாம், ரோட்டரி கட்டர் (உருளும் சக்கரக் கத்தி) வேண்டாம், சதுரம் பொருந்தவில்லை என்ற கவலை வேண்டாம்.

வைப்பது

6க்கு 24 இன்ச் அக்ரிலிக் ஸ்கேலில் சுற்றி உருவினால் எல்லாம் ஒரே அளவில் மடியும். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். கஞ்சி போடாமல், வெயில் படாமல். நான் அந்துருண்டை வைப்பதில்லை, வாசனை போகவே போகாது. வசம்பைச் சின்னத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

பின்சேர்க்கை 1: ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர் போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். முழங்கை வரை கை வைத்தாலோ, உடல் அளவு கொஞ்சம் கூடினாலோ போதாது. கூட்டாளி கிடைக்காதவற்றில் ஒரு மீட்டருக்குக் குறைந்தவற்றையும் துண்டுக் கூடையில் போடுங்கள்.

பின்சேர்க்கை 2: சுங்குடி, அஜ்ரக் கொடுத்த இடத்தில் சாயம் போகிறதென்று புகார். கொடுக்கும் முன் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிமேல் ராத்திரி முழுக்க வையுங்கள். கறை இறங்கினால் "தனியாகத் துவைக்கவும்" என்று சீட்டு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். சாயம் ஏற்றும்போதுதான் உப்பு உதவும், ஏற்றி முடித்த துணியில் அது எதையும் பிடித்து நிறுத்தாது. தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள்.