ஒரு விக்கா கோவன் ஆண்டு முழுக்கக் கூடிக் கொண்டாடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

விக்கா என்பது இயற்கையையும் பருவங்களையும் போற்றும் ஒரு நவீன சமய நெறி. பிரிட்டனில் அதைப் பின்பற்றுபவர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடுகிறார்கள். அந்தக் குழுவுக்குக் கோவன் என்று பெயர். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள், அதுபோக பௌர்ணமிதோறும் ஒரு கூடுகை. கணக்கைக் கேட்டதுமே புதிதாக வருபவர்கள் மலைத்துப்போகிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. வட்டம் போடுவது, திசைகளை அழைப்பது, கேக்கும் வைனும் பகிர்வது, வட்டத்தைக் கலைப்பது என்ற வரிசை ஆண்டு முழுக்க மாறாது. நடுவில் நடப்பதுதான் பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த வரிசையை ஒருமுறை பழகிக்கொண்டால் எட்டுப் பண்டிகையும் பிடிபட்டுவிடும்.

பின்னணி கொஞ்சம். மாந்திரீக சக்தி உண்டென்று சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கிய 1735-ஆம் ஆண்டின் மாந்திரீகச் சட்டத்தை பிரிட்டன் 1951-ல்தான் நீக்கியது. அதன்பிறகு ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் இந்த நெறியைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். இவர் பதின்வயதில், 1900-ல், இலங்கையின் மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வேலை பழகப் போனவர். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் சுங்கத் துறையிலும் இருந்தார். ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின், லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பிரிக்கெட் உட் என்ற இடத்தில் அவர் கூட்டிய கோவன்தான் பிற்காலக் குழுக்கள் பலவற்றுக்கும் மூலம். 1953-ல் தீட்சை பெற்ற டோரீன் வாலியண்டே சடங்குப் பாடல்களையும் உரைகளையும் திருத்தி எழுதினார். இன்று வட்டத்தில் நின்று கேட்கும் அழகான வரிகளில் பல அவருடையவை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் (விக்கா போன்ற இயற்கை வழிபாட்டு நெறிகளுக்கான பொதுப்பெயர்) என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் பதிந்திருக்கிறார்கள்.

பில்லி, ஏவல் என்று கற்பனை செய்துகொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர்களுடைய அடிப்படை நெறி, 'யாருக்கும் தீங்கில்லாதவரை விரும்பியதைச் செய்' என்பது.

படி 1: எட்டு நாட்களையும் குறித்துவையுங்கள்

நான்கு நாட்கள் சூரியனை ஒட்டியவை, அதாவது பகல் மிகக் குறுகிய நாள், மிக நீண்ட நாள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்கள். யூல் (டிசம்பர் 21 வாக்கில்), ஓஸ்டாரா (மார்ச் 20), லித்தா (ஜூன் 21), மாபன் (செப்டம்பர் 22 அல்லது 23). இவற்றுக்கு நடுவே வருபவை சவின் (அக்டோபர் 31), இம்போல்க் (பிப்ரவரி 1-2), பெல்டேன் (ஏப்ரல் 30 இரவும் மே 1-ம்), லூனசா அல்லது லாமஸ் (ஆகஸ்ட் 1). எட்டுக்கும் பொதுப்பெயர் சாபட். எட்டும் சேர்ந்தது ஆண்டுச் சக்கரம்.

நடுவில் வரும் நான்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பருவ விழாக்களிலிருந்து வந்தவை. ஆனால் எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950-களில் நடந்த வேலை. 1958-ல் பிரிக்கெட் உட் குழுவினர்தான், சூரிய நாட்களையும் மற்றவற்றுக்குச் சமமாகக் கொண்டாட வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஓஸ்டாரா, லித்தா, மாபன் என்ற பெயர்கள் 1970-களில் அமெரிக்காவில் சூட்டப்பட்டவை. 'பல ஆயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வரும் சக்கரம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதியது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ஊர் வெளிச்சத்தைப் பார்த்தால்தான் சக்கரம் புரியும். லண்டனில் டிசம்பர் 21-ல் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் 21-ல் 16½ மணி நேரத்துக்கும் மேல். சென்னையில் இந்த இரு நாட்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், 'இன்றோடு இருட்டு குறையத் தொடங்குகிறது' என்பது மனிதர்கள் கூடி விளக்கேற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. ஆஸ்திரேலியாவில் உள்ள குழுக்கள் பல தேதிகளையே ஆறு மாதம் திருப்பிப் போட்டு, ஜூனில் யூல் கொண்டாடுகின்றன. பருவம் முக்கியம், தேதி அதற்குப் பிறகுதான்.

படி 2: குழுவில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பதின்மூன்று பேர் என்பது மரபுக் கணக்கு. நடைமுறையில் ஐந்தாறு பேர் இருந்தாலே நல்ல குழுதான். நடத்துபவர் ஹை பிரீஸ்டெஸ் எனப்படும் தலைவி. அவருக்குத் துணையாக ஹை பிரீஸ்ட். கார்ட்னர் வழியில் மூன்று படிநிலைத் தீட்சைகள் உண்டு. வழிபடுவது ஒரு தேவியையும் கொம்புள்ள ஒரு தேவனையும்.

முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. கார்ட்னர் வழிக் கோவன்களில் ஆடையில்லாமல் சடங்கு செய்வது மரபு. மற்றக் குழுக்கள் பெரும்பாலும் அங்கி அணிகின்றன. எல்லோரும் வரலாம் என்று திறந்து நடத்தும் பொது விழாக்களில் ஆடையோடுதான் இருப்பார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், நல்ல குழு நேராகப் பதில் சொல்லும்.

படி 3: வட்டம் போடுவது

இதுதான் அச்சாணி. நிதானமாகப் பார்ப்போம்.

இடம் பெரும்பாலும் ஒருவருடைய வீட்டு முன்னறை. சோபாவை ஓரம் தள்ளினால் மரபு சொல்லும் ஒன்பது அடி விட்டம் கிடைத்துவிடும். முதலில் கட்டைத் துடைப்பத்தால் அறையைப் பெருக்குகிறார்கள். குப்பைக்காக இல்லை, இடத்தைச் சுத்திகரிப்பதற்காக. பீடம் என்பது துணி விரித்த ஒரு சின்ன மேசை. அதன்மேல் இரண்டு மெழுகுவர்த்திகள், தண்ணீர்க் கிண்ணம், உப்பு, தூபக்கால், வைன் கோப்பை, ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த தட்டு, கறுப்புப் பிடி போட்ட கத்தி. கத்தியின் பெயர் அத்தமே. எதையும் வெட்ட அதைப் பயன்படுத்துவதில்லை, சுட்டிக்காட்டவும் வரையவும் மட்டுமே.

தலைவி கத்தியின் நுனியைத் தண்ணீரில் வைத்து அதைத் தூய்மைப்படுத்துகிறார். அடுத்து உப்பு. கத்தி முனையில் மூன்று முறை உப்பை அள்ளித் தண்ணீரில் போட்டுக் கலக்குகிறார். பிறகு கத்தியையோ வாளையோ நீட்டியபடி வட்டத்தின் ஓரமாக வலஞ்சுழியாக நடக்கிறார். மற்றவர்கள் வெளியே காத்திருந்து, வடகிழக்கில் விட்ட வாசல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். வாசல் மூடப்படுகிறது. உப்புநீரைத் தெளித்தபடி ஒருவர், தூபத்தோடு ஒருவர், மெழுகுவர்த்தியோடு ஒருவர் சுற்றி வருகிறார்கள்.

அடுத்து திசைகள். கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு நீருக்கு, வடக்கு நிலத்துக்கு. ஒவ்வொரு திசையிலும் ஒருவர் காற்றில் நட்சத்திரம் வரைந்து, அந்தத் திசைக் காவலரை வரவேற்கிறார். எல்லோரும் அதே பக்கம் திரும்பி நிற்க வேண்டும். புதியவர் செய்ய வேண்டியதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திரும்புவதுதான்.

நடைமுறைக் குறிப்புகள்: வட்டத்துக்குள் எப்போதும் வலஞ்சுழியாகவே நடங்கள். நடுவில் கழிப்பறைக்குப் போக நேர்ந்தால் சொல்லுங்கள், கத்தியால் ஒரு வாசல் திறந்துவிடுவார்கள். செயற்கை இழையில் தைத்த அகலக்கை அங்கியோடு மெழுகுவர்த்தி அருகே போகாதீர்கள். தூபத்தை அளவாகப் போடுங்கள், பிரிட்டிஷ் வீடுகளில் ஸ்மோக் அலாரம் சடங்கு முடியும்வரை காத்திருக்காது.

படி 4: நடுப்பகுதி, பருவத்துக்குப் பருவம்

சவின். என்னைக் கேட்டால் ஆண்டின் உச்சம் இதுதான். பல குழுக்கள் புத்தாண்டாகவே இதைக் கொள்கின்றன. அந்தக் காலத்தில் மேய்ச்சல் நிலத்திலிருந்து மாடுகளை ஓட்டிவந்து கட்டும் நேரம், குளிர்காலத் தொடக்கம். இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவேயுள்ள திரை மெலிந்துபோகும் இரவு என்று நம்பிக்கை. இறந்த உறவினர்களின் படங்களைப் பீடத்தில் வைத்து, ஒவ்வொருவரும் தம்மவர் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சில குழுக்கள் மௌன விருந்து நடத்துகின்றன. ஒரு நாற்காலியும் நிறைந்த தட்டும் இறந்தவர்களுக்கு. விருந்து முடியும்வரை யாரும் ஒரு சொல் பேசக் கூடாது. படையல் நமக்குப் புதிதில்லை, ஆனால் கரண்டி தட்டில் படும் ஓசை மட்டும் கேட்க, பத்துப் பேர் பேசாமல் உண்பது தனி அனுபவம். பிறகு ஒரு ஆப்பிளைக் குறுக்கே வெட்டுகிறார்கள். காம்பிலிருந்து நெடுக்காக வெட்டக் கூடாது, படுக்க வைத்து நடுவில் வெட்ட வேண்டும். விதையறைகள் ஐந்துமுனை நட்சத்திரமாகத் தெரியும். ஆளுக்கொரு துண்டு.

யூல். விளக்குகளை அணைத்து இருட்டில் உட்கார்ந்து, பிறகு ஒரே ஒரு சுடரிலிருந்து எல்லா மெழுகுவர்த்திகளையும் ஏற்றுவது வழக்கம். பகல் வளரும் அரையாண்டின் ஓக் அரசன், பகல் தேயும் அரையாண்டின் ஹாலி அரசனை வெல்லும் சிறு நாடகமும் நடக்கும். குழந்தைகளுக்கு ஏற்ற பண்டிகை.

இம்போல்க். பனித்துளிப் பூக்கள் தலைகாட்டும், ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் காலம். அயர்லாந்தில் தேவியாகவும் புனிதராகவும் போற்றப்படும் பிரிஜிட்டுக்குரிய நாள். அந்த நாட்டில் 2023-லிருந்து இதையொட்டிப் பொது விடுமுறையும் உண்டு. கோரைத் தண்டுகளை மடித்து மடித்துப் பின்னும் பிரிஜிட் சிலுவையை எல்லோரும் சேர்ந்து செய்து, வீட்டு வாசலுக்கு மேலே மாட்டுகிறார்கள்.

ஓஸ்டாராவில் விதைகளை ஆசீர்வதித்து நடுகிறார்கள், முட்டைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்.

பெல்டேன். பழைய வழக்கத்தில் இரண்டு தீக்களுக்கு நடுவே மாடுகளை ஓட்டினார்கள். இன்று மனிதர்கள் சின்னத் தீயைத் தாண்டுகிறார்கள். உச்சியில் ரிப்பன்கள் கட்டிய மேபோல் கம்பத்தை நட்டுச் சுற்றி ஆடுவதாக இருந்தால் ஆட்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு ரிப்பன். பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாக. எதிரே வருபவரை ஒருமுறை மேலே கடந்தால் அடுத்தவரைக் கீழே கடக்க வேண்டும். இந்த ஒன்று தவறினால் பின்னல் சிக்கிவிடும். வலஞ்சுழி விதி இங்கே பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். ஜோடிகளின் கைகளைக் கயிற்றால் கட்டி நடத்தும் திருமணங்களுக்கும் பிடித்தமான காலம் இது. கோவனில் சேராமலே பார்க்க விரும்பினால், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கால்டன் ஹில் குன்றில் 1988-லிருந்து ஏப்ரல் 30 இரவு பெரிய தீ விழா நடக்கிறது.

லித்தாவில் இரவெல்லாம் விழித்திருந்து உதயம் பார்க்கிறார்கள். அந்த இரவு இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் கற்களுக்கு நடுவே பொதுமக்களை 2000-லிருந்து மறுபடி அனுமதிக்கிறார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் இருக்கும், கோவன்கள் பல தங்கள் தோட்டத்திலேயே நின்றுவிடும்.

லாமஸ் முதல் அறுவடை. அன்று காலையே கூடி ரொட்டி சுடும் குழுக்கள் உண்டு. கோதுமைத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கிப் பொம்மை பின்னுகிறார்கள். உலர்ந்த தாளை வளைத்தால் ஒடிந்துவிடும். மாபன் இரண்டாம் அறுவடை, ஆப்பிளும் கறுப்பு நாவல்போன்ற பிளாக்பெர்ரியும் நிறைந்த நன்றி விருந்து.

படி 5: கேக்கும் வைனும், பிறகு கலைப்பதும்

ஒருவர் கோப்பையைப் பிடிக்க, மற்றவர் அத்தமேயின் நுனியை வைனில் மெதுவாக இறக்குகிறார். கேக்குகள் ஆசீர்வதிக்கப்படுகின்றன, பெரும்பாலும் பிறை வடிவில் சுட்டவை. கோப்பை கைமாறிச் சுற்றி வரும். மது வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறு இருக்கும். ஒரு பங்கை எடுத்துவைத்துப் பின்னர் மண்ணில் ஊற்றுகிறார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும் இந்த நேரத்தில்தான் குழு நிஜமாகவே குழுவாகிறது, அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள்.

கடைசியில் நான்கு திசைகளுக்கும் நன்றி சொல்லி விடைகொடுத்து, வட்டத்தைத் திறக்கிறார்கள். 'மகிழ்ந்து சந்தித்தோம், மகிழ்ந்து பிரிகிறோம், மகிழ்ந்து மீண்டும் சந்திப்போம்' என்ற பொருளில் 'மெரி மீட், மெரி பார்ட், மெரி மீட் அகெய்ன்' என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அப்புறம் சோபாவைத் திரும்ப நகர்த்தக் கைகொடுங்கள்.

படி 6: பௌர்ணமிக் கூடுகைகள்

இவற்றுக்கு எஸ்பட் என்று பெயர். ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வரும். சட்டகம் அதேதான். நடுப்பகுதியில் தலைவிமேல் தேவியை அழைக்கும் சடங்கும், நோயுற்றவர்களுக்கான வேண்டுதலும், பயிற்சியும் நடக்கும். சாபட்டுக்கு விருந்தினர் வரலாம், எஸ்பட் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கு மட்டும்.

படி 7: சேர்வதற்கு முன்

தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பழகுவது பரவலான வழக்கம். ஆண்டுச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று பார்த்துவிட இது நல்ல ஏற்பாடு. தொடங்க ஏற்ற இடம் கோவன் இல்லை, பப்களில் நடக்கும் மூட் எனப்படும் திறந்த சந்திப்புகள். 1971-ல் தொடங்கப்பட்ட பேகன் ஃபெடரேஷன் அமைப்பு இவற்றுக்கு வழிகாட்டும்.

தீட்சைக்குக் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். மெழுகுவர்த்திக்கும் உணவுக்கும் பங்கு போடுவது வேறு. கார்ட்னர் மரபில் தீட்சைக்குப் பணம் வாங்கவே கூடாது. உடலுறவுக்கு வற்புறுத்தினாலோ, குடும்பத்திடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரிக்க முயன்றாலோ, கேள்வி கேட்டால் முகம் கறுத்தாலோ, அடுத்த கூடுகைக்குப் போகாதீர்கள். 18 வயது ஆகாதவரைத் தீட்சைக்கு அழைக்கும் குழுவும் அப்படியே.

முதல் அழைப்பாக லாமஸ் கிடைத்தால் தயங்காமல் போங்கள். கோடை, பகல் வெளிச்சம், பெரும்பாலும் திறந்தவெளி. கையில் ஒரு ரொட்டி எடுத்துப் போனால் போதும்.