அயர்லாந்தின் பழைய உலோகங்கள்: பெயரை நம்பி ஏமாறும் இடங்கள்

டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் ‘தாரா ப்ரோச்’ என்று ஓர் ஆடை ஊசி இருக்கிறது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது, கி.பி. 700 வாக்கில் உருவானது. தாரா என்பது பழைய அரசர்களின் குன்று. ஆகவே இது ஏதோ அரசனுடையது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1850இல் இது கிடைத்தது தாராவில் அல்ல, பெட்டிஸ்டவுன் கடற்கரையில். இதைப் பார்த்து நகல் நகைகள் செய்து விற்ற வியாபாரி வைத்த பெயர்தான் ‘தாரா’. நல்ல விளம்பரம், அவ்வளவுதான்.

அயர்லாந்தின் உலோக வரலாற்றைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த வகை. பிற்காலத்தவர் ஒட்டிய பெயரை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

கில்லார்னி அருகே லோக் லேன் ஏரிக்கரையில் இருக்கும் ராஸ் ஐலண்டைப் பாருங்கள். பெயரில்தான் தீவு; பார்த்தால் ஏரிக்குள் நீளும் நிலமுனை. அங்கே பழைய குழிகளைக் கண்ட பிற்காலச் சுரங்கக்காரர்கள் அவற்றை ‘டேனியர் சுரங்கம்’ என்றார்கள், அதாவது வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் தோண்டியதாம். வைக்கிங்குகள் அயர்லாந்துக்கு வந்ததே கி.பி. 795இல். 1990களில் தொல்லியலாளர் வில்லியம் ஓ’பிரையன் நடத்திய அகழாய்வில், அங்கே கி.மு. 2400 வாக்கிலேயே செம்பு வெட்டியிருப்பது தெரிந்தது. கணக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தப்பு! கிடைத்த கருவிகள் கல் சுத்தியல்களும், அள்ளுவதற்கு மாட்டின் தோள்பட்டை எலும்புகளும். பாறைமுகத்தில் விறகு அடுக்கி எரிப்பார்கள்; சூட்டில் பாறை விரிசல் விட்டதும் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பார்கள். சூடான பாறையில் தண்ணீர் ஊற்றினால்தான் உடையும் என்று பல இடங்களில் படிக்கலாம். அது கட்டாயமில்லை, சூடே போதும்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. ராஸ் ஐலண்டில் எடுத்தது செம்பு, வெண்கலம் அல்ல. அதன் தாதுவில் இயல்பாகவே ஆர்செனிக் இருந்ததால் அந்தச் செம்பு சற்றுக் கெட்டியானது. வெண்கலத்துக்குச் செம்போடு வெள்ளீயமும் வேண்டும். அது பெரும்பாலும் கடல் தாண்டி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலிருந்து வந்திருக்க வேண்டும். தமிழில் எழுதும்போது இந்த இடத்தில் நாம் கூடுதலாகச் சறுக்குவோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், ஆனால் ‘ஈயம்’ என்று பொதுவாக எழுதினால் காரீயமும் அதற்குள் வந்துவிடும். உலோகத்தின் ஊரைக் கண்டுபிடிக்கும் ஐசோடோப்பு ஆய்வு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தைப் பார்ப்பது) அந்த உலோகத்தில் துளியளவு கலந்திருக்கும் காரீயத்தை வைத்துச் செய்வது. எது எது என்று பிரித்து எழுதாவிட்டால் வாசகர் தலை சுற்றும்.

அப்படிப்பட்ட ஆய்வு ஒன்று 2015இல் தங்கத்தைப் பற்றிய நம்பிக்கையையே அசைத்தது. 1795இல் அயர்லாந்தின் கிழக்கிலுள்ள விக்லோ மலை ஓடையில் தங்கம் கிடைத்து ஜனங்கள் அள்ள ஓடினார்கள். அதனால் பழங்காலப் பிறைவடிவக் கழுத்தணிகளான லுனுலாக்களும் அந்தத் தங்கம்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஆய்வு காட்டிய திசையோ கார்ன்வால். உள்ளூரில் தங்கம் இருந்தது என்பது, அதைத்தான் உருக்கினார்கள் என்பதற்கு ஆதாரம் ஆகாது. அந்த அணிகளைக் ‘கெல்டிக் நகை’ என்பதும் தவறு. அவை கி.மு. 2000க்கும் முந்தியவை; நாம் கெல்டிக் என்று சொல்லும் சுருள் அலங்காரம் அயர்லாந்துக்கு வந்தது கி.மு. 300 வாக்கில்.

இரும்புக்கு வந்தால், வயலில் கிண்ண வடிவக் கிட்டம் (இரும்பு வேலையில் கழிவாக உறையும் கசடு) கிடைத்ததும் ‘தாது உருக்கும் உலையின் அடிப்பாகம்’ என்று முன்பு பதிவு செய்துவிடுவார்கள். அவற்றில் பல, கொல்லர் பட்டறை அடுப்பில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது அடியில் உறைந்தவை. தாதுவிலிருந்து இரும்பு எடுப்பது வேறு, எடுத்த இரும்பை அடிப்பது வேறு. கிட்டத்தின் எடையும் அமைப்பும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

சரி, நேரில் போகிறவர்களுக்கு ஒன்று. உலோகம் கண்டறியும் கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 1980இல் டிப்பெரரி மாவட்டத்தின் டெரினாஃப்லான் மடாலய இடத்தில் அந்தக் கருவியால் ஒரு வெள்ளிக் கிண்ணமும் கூடவே பல திருவழிபாட்டுப் பொருட்களும் கிடைத்தன. யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1987இல் அரசுக்கே என்று தீர்ப்பானது. அதே ஆண்டில் வந்த சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் அந்தக் கருவியால் தொல்பொருள் தேடுவதே குற்றம். எதுவும் கிடைக்காவிட்டாலும்கூட.