நீச்சல் குளத்தில் தெரியாமல் போகும் தவறுகள்: குளிர்காலக் கயாக் பயிற்சியும் பழுதுபார்த்தலும்

இங்கிலாந்தில் நவம்பர் வந்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிடும். போகப் போக ஆற்றுத் தண்ணீர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். அதனால் இங்குள்ள துடுப்புக் கிளப்புகள் குளிர்காலத்தில் வாரம் ஒரு இரவு உள்ளூர் நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். கயாக் என்னும் சின்ன மூடிய படகோடு கவிழ்ந்து அப்படியே நிமிர்வது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். குளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, கம்புகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு நடுவே வளைந்து புகுந்து போகும் ஸ்லாலம் போட்டியைச் சின்னதாக வைப்போம். இன்னொரு நாள் யாராவது ஒருவருடைய கராஜில் கூடி, உடைந்த படகையும் கிழிந்த உடுப்பையும் சரிசெய்வோம்.

போன குளிர்காலத்தில் ஒரு இரவு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஸ்ப்ரே டெக்கை மாட்டிக்கொண்டிருந்தான். இடுப்பைச் சுற்றிப் பாவாடைபோல் அணிந்து, விளிம்பை இழுத்துப் படகின் வாயில் மாட்டும் ரப்பர் துணி அது. தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். முன்பக்கத்தில் அதற்கு ஒரு பட்டை வளையம் உண்டு. கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுத்துத்தான் படகைவிட்டு வெளியே வர வேண்டும். பையன் அவசரத்தில் அந்த வளையத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டான். கவிழ்ந்தான். கவிழ்ந்த படகின் வயிறு மட்டும் மேலே தெரிந்தது. தண்ணீருக்குள் அவனுடைய இரண்டு கையும் விளிம்பின் முன்பக்கத்தைத் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்தேன். மார்பளவு தண்ணீரில் பக்கத்திலேயே நின்றிருந்ததால் ஒரே தள்ளில் நிமிர்த்திவிட்டேன். அவன் சிரித்தான். எனக்குக் கை நடுங்கியது.

சிரித்ததில் அவன் தப்பு ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான, தெளிந்த, அசையாத தண்ணீரில் எந்தத் தவறும் தவறாகத் தெரிவதில்லை. அதே தவறு மார்ச் மாதம் ஆற்றில் நடந்தால் பக்கத்தில் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். கீழே சொல்லப்போகும் எல்லாத் தவறுகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

வளையம் உள்ளே மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழி இருக்கிறது. முன்பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், இடுப்புக்குப் பக்கத்தில் விளிம்பு ஓரமாகத் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். முழங்காலால் டெக்கை உள்ளிருந்து மேலே தள்ளுவதும் உதவும். இதைச் சொல்லித் தந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் நிற்க, வேண்டுமென்றே வளையத்தை உள்ளே வைத்து, குளத்தில் நாலைந்து தடவை செய்யவைக்க வேண்டும். குளம் இருப்பதே இதற்குத்தான் என்பேன்.

குளத்து ஸ்லாலம்

ஆறே இல்லாமல் ஸ்லாலமா என்று சிலர் கேட்பார்கள். பனிச்சறுக்கு ஸ்லாலத்தைப் பார்த்து, 1933-இல் சுவிட்சர்லாந்தின் ஹால்வில் ஏரியில் நடந்த முதல் படகு ஸ்லாலமே ஓடாத தண்ணீரில் நடந்ததுதான். வேகநீருக்கு அது பிறகுதான் போனது. ஆகவே குளத்தில் கம்பு தொங்கவிடுவதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

விதி எளிது. தொங்கும் இரண்டு கம்புகள் சேர்ந்தது ஒரு கேட். பச்சை வெள்ளைக் கம்புகள் என்றால் ஓட்டத்தோடு கீழ்நோக்கிப் போகும் கேட். சிவப்பு வெள்ளை என்றால் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நுழைய வேண்டிய கேட். படகோ துடுப்போ உடம்போ கம்பில் பட்டால் 2 வினாடி கூடும். கேட்டைத் தவறவிட்டால் 50 வினாடி. 2 வினாடிதானே என்று தோன்றும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜோ கிளார்க் ஆண்கள் கயாக்கில் தங்கம் வென்றது 0.17 வினாடி வித்தியாசத்தில். ஒரே ஒரு கம்பு உரசியிருந்தாலும் தங்கம் கைநழுவியிருக்கும்.

குளத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் முதல் தவறு, கம்பையே பார்த்துக்கொண்டு துடுப்பு போடுவது. கண் எங்கே போகிறதோ படகும் அங்கேதான் போகும். சைக்கிள் பழகும்போது பள்ளத்தையே பார்த்து பள்ளத்திலேயே விழுவோமே, அதே கதைதான். கேட்டுக்குள் நுழையும்போதே பார்வை அடுத்த கேட்டுக்குத் தாவியிருக்க வேண்டும். தலை முழுவதும் படகின் ஏதாவது ஒரு பகுதியும் இரண்டு கம்புக்கும் நடுவிலுள்ள கோட்டைக் கடந்தால் போதும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். படகின் மூக்கும் வாலும் கம்புக்கு அடியில் நழுவிப் போகலாம், அதில் குற்றமில்லை. முழுப் படகையும் நேராக நடுவில் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துத்தான் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

அடுத்தது பின்துடுப்பு. திரும்ப வேண்டிய இடத்தில் துடுப்பைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளினால் படகு சட்டென்று திரும்பும், ஆனால் வேகம் அங்கேயே செத்துப்போகும். குளம் சின்னது, ஓட்டம் கிடையாது, அதனால் அந்த இழப்பு உறைக்காது. குழந்தைகள் இதையே பழக்கமாக்கிக்கொள்வார்கள். முன்பக்கமாகவே வீசித் துடுப்பு போட்டு, கடைசியில் துடுப்பை மூக்குக்குப் பக்கத்தில் தண்ணீரில் நட்டு, அதைத் தூணாகப் பிடித்துப் படகைச் சுழற்றுவதுதான் நல்ல முறை. 1950-களில் மிலோ டஃபெக் என்ற செக்கோஸ்லோவாக்கியர் பேர்வாங்கிக் கொடுத்த துடுப்பு வீச்சு அது. இன்றைக்கும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறோம். ஆனால் படகில் வேகம் இல்லாமல் டஃபெக் போட்டால் ஒன்றும் நடக்காது. குளத்தில் இரண்டு மூன்று நல்ல வீச்சு போட்டு வேகம் எடுத்த பிறகே அதைப் பழக வேண்டும்.

மேல்நோக்கும் கேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆற்றில் அந்தக் கேட் பெரும்பாலும் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி எதிர்த்திசையில் திரும்பும் எடி என்கிற இடத்தில் தொங்கும். ஓட்டத்திலிருந்து எடிக்குள் நுழையும் நொடியில், படகை உள்பக்கமாகச் சாய்க்காவிட்டால் கவிழ்வது உறுதி. குளத்தில் எடி இல்லை, சாய்க்காமலே திரும்பலாம். அதனால் எங்கள் பிள்ளைகளிடம் தேவையோ இல்லையோ ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்க்கச் சொல்கிறோம். முதலில் நாடகம்போல இருக்கும். ஏப்ரலில் ஆற்றுக்குப் போகும்போது உடம்பு தானாகச் செய்யும்.

கவிழ்ந்து நிமிரும் ரோல் விஷயத்திலும் குளம் ஏமாற்றும். மூக்கில் கிளிப், கண்ணில் கண்ணாடி, எப்போதும் வலதுபக்கம், நிதானமாக மூச்சிழுத்துத் தயாராகிக் கவிழ்வது என்று பழகினால் பத்துக்குப் பத்து வரும். ஆற்றில் யாரும் தயாராகிக் கவிழ்வதில்லை. சில்லென்ற தண்ணீர் முகத்தில் பட்டதும் நம்மைக் கேட்காமலே மூச்சு திணறி உள்ளிழுக்கும். அந்த அதிர்ச்சி அடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். கிளிப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும், நண்பர் சொல்லாமல் கவிழ்த்துவிட, துடுப்பு கோணலாக இருக்கும் நிலையிலிருந்து ரோல் பழகுங்கள். தலையை முதலில் தூக்கும் பழக்கத்தையும் இங்கேயே விட வேண்டும். இடுப்பு படகைத் திருப்பி முடித்த பிறகு கடைசியாக வர வேண்டியது தலை.

அப்புறம், ஆற்றில் ஓட்டிய படகைக் கழுவாமல் குளத்துக்குக் கொண்டுவருவது. இருக்கைக்கு அடியில் ஒரு பிடி மணல் இருந்தாலும் குளத்து வடிகட்டியில் போய் அடைக்கும், அடுத்த வருடம் குளம் தர மாட்டார்கள். அதைவிடப் பெரியது, ஓர் ஆற்றின் உயிரினத்தை இன்னோர் ஆற்றுக்குச் சுமந்துபோவது. 2010-இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கொலைகார இறால் என்று அழைக்கப்படும் அயல்நாட்டு இறால் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இங்கே பார், கழுவு, உலர்த்து என்பதையே பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். படகைக் கவிழ்த்து நீரை வடித்து, முழுக்க உலரவிட்ட பிறகே வேறு தண்ணீரில் இறக்க வேண்டும்.

கராஜில் நடக்கும் தவறுகள்

ஸ்லாலம் படகு மூன்றரை மீட்டர் நீளம், ஒன்பது கிலோவுக்கு அருகில்தான் எடை. ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் துணியை, ரெசின் என்னும் இறுகும் பிசினில் ஊறவைத்துச் செய்தது. கல்லில் மோதினால் விரியும். அந்த விரிசலை, வீட்டில் ஒழுகும் குழாய்க்கு எம்சீல் அப்புவதுபோல் மேலே அப்பிவிடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. நானும் செய்திருக்கிறேன். ஒரு ஜனவரியில், ஏழு டிகிரி இருந்த கராஜில், ஈரம் முழுக்க உலராத படகில், சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் கூடவே ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்தும் விரலில் ஒட்டியது. முதல் ஆற்றுப் பயணத்திலேயே ஒட்டு அப்படியே தோலாக உரிந்து வந்தது. படகு பாதி தண்ணீரோடு கரைசேர்ந்தது.

அதில் மூன்று தவறு இருந்தது. எப்பாக்ஸி ரெசினில் ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது. அளவு தவறினால் முழுதாக இறுகவே இறுகாது. வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்டனரை வாங்க வேண்டும், அளவை மாற்றக்கூடாது. பாலியெஸ்டர் ரெசினுக்கு மட்டும்தான் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். இரண்டுக்குமே பதினைந்து டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும், அதனால் படகை வீட்டுக்குள் கொண்டுவந்து ஓரிரு நாள் உலர்த்துங்கள். விரிசலைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டருக்காவது உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும். ஒட்டைப் படகின் உள்பக்கம் போட்டால் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். துணியை ரெசினில் ஊறவைத்து, மிச்சத்தை அழுத்தி வழித்து எடுத்துவிடுங்கள். நிறைய ரெசின் என்றால் எடைதான் கூடும், பலம் கூடாது.

இன்னொன்று: எப்பாக்ஸி படகில் பாலியெஸ்டர் ஒட்டு சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டர் படகில் எப்பாக்ஸி பிடிக்கும். எது என்று தெரியாவிட்டால் எப்பாக்ஸியையே எடுங்கள். இறுகிய எப்பாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் வரலாம். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவிவிட்டுத் தேய்க்க வேண்டும். கையுறை, முகமூடி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், இதில் விளையாட்டு வேண்டாம்.

பிளாஸ்டிக் படகு வேறு சாதி. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். ஆற்றங்கரையில் தற்காலிகமாகச் சமாளிக்க, கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப்பட்டை போதும். ஆனால் இடத்தைத் துடைத்து உலர்த்தி, லைட்டரால் லேசாகச் சூடேற்றிய பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டி ஆற்றின்மேல் பழி போடுபவர்களே அதிகம்.

உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் முழு உடுப்பான டிரை சூட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் லேடெக்ஸ் பட்டையைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதைப் போடாதீர்கள். எண்ணெயும் சன்ஸ்கிரீனும் லேடெக்ஸை மெல்ல மெல்லத் தின்றுவிடும். குளத்துக் குளோரினும் அதற்கு ஆகாது, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒரு பிப்ரவரியில் வேல்ஸின் ட்ரிவெரின் ஆற்றங்கரையில், தலையை நுழைத்ததும் என் கழுத்துப் பட்டை காதுவரை கிழிந்தது. அன்று முழுக்கக் கரையில்தான் நின்றேன். புதுப் பட்டை இறுக்கமாக இருந்தால் உடனே வெட்ட வேண்டாம், ஒரு பாத்திரத்தின்மேல் ஓரிரவு இழுத்து மாட்டிவையுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கூரான கத்தரியால் பிசிறில்லாமல் வெட்டுங்கள். ஓரத்தில் மயிரிழை பிசிறு இருந்தாலும் அங்கிருந்துதான் கிழியும்.

மிதவை ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் மட்டும் பழுதுபார்க்கவே கூடாது. கரையில் ஜாக்கெட்டின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே இருக்கும் நுரை நசுங்கிப்போகும். 50 நியூட்டன் மிதப்பு என்று எழுதியிருந்தாலும் பத்து வருடப் பழசு அதைத் தராது. பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டும் அப்படித்தான், வெளியே கீறல் இல்லையென்றாலும் மாற்றிவிடுங்கள்.

ஆற்றுக்குக் கிளம்பும்போது

கிளப் பயணங்களில் கார் சாவி பெரிய பிரச்சினை. ஆற்றுப் பயணம் முடியும் இடத்தில் ஒரு காரை நிறுத்தி, இன்னொரு காரில் தொடங்கும் இடத்துக்குப் போவோம். கீழே நிற்கும் காரின் சாவி மேலே நிற்கும் காரிலேயே தங்கிவிட்டால், நனைந்த உடம்போடு நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். புறப்படும் முன் சாவியைக் கையில் தூக்கிக் காட்டச் சொல்வது எங்கள் வழக்கம்.

படகைவிட்டு வெளியே விழுந்தால் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் கால் பாறை இடுக்கில் சிக்கும், ஓட்டம் உடம்பை முன்னால் சாய்த்து அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, நீர்மட்டத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு மிதந்து கரையேறுங்கள். குளத்தில் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று பழகிய கால்கள் இதை மறுக்கும். எங்கள் குளத்தில் கவிழ்ந்து வெளியே வந்தவர்களை நிற்கவிடுவதில்லை, ஓரம்வரை மல்லாந்தே வரவைக்கிறோம்.

அந்தப் பையன் மார்ச் மாதம் எங்களோடு டார்ட் ஆற்றுக்கு வந்தான். ஸ்ப்ரே டெக்கை மாட்டி முடித்ததும் வளையத்தை வெளியே இழுத்து விரலால் தட்டிக் காட்டினான். அப்புறம் பக்கத்துப் படகில் இருந்தவரின் வளையத்தையும் எட்டி இழுத்துப் பார்த்தான்.