டிரிட்டியம் லேபிள்: கவுண்ட் ஏறினாலே பிணைப்பு என்று எழுதிவிடாதீர்கள்

ஒரு மூலக்கூறில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை அடையாளமாக (லேபிள்) வைத்து, அது ஏற்பியோடு, அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு, எவ்வளவு பிணைகிறது என்று கதிர்வீச்சை எண்ணிப் பார்ப்போம். அந்த எண்ணிக்கைதான் கவுண்ட். காரைக்குடியில் என்னிடம் உயிர்வேதியியல் படிக்க வரும் பிள்ளைகள், “கவுண்ட் நல்லா ஏறியிருக்கு சார்” என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது, அந்த டிரிட்டியம் இன்னும் உங்கள் மூலக்கூறில்தான் இருக்கிறதா என்பதைத்தான். கதிர்வீச்சை ஒளிச் சிமிட்டல்களாக மாற்றி எண்ணும் மெஷினுக்கு (சிண்டிலேஷன் கவுண்டர்) டிரிட்டியம் தெரியும், அது எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரியாது.

ஹைட்ரஜன் இருந்த இடத்தில் டிரிட்டியம் வந்தால் மூலக்கூறின் வடிவம் அநேகமாக மாறாது, ஏற்பியும் வித்தியாசம் பார்க்காது. இந்த முறையின் பலமே அதுதான். ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகத்தோடு சேர்ந்த இடத்தில் லேபிள் இருந்தால் அது சீக்கிரமே தண்ணீருக்குத் தாவிவிடும். லேபிள் கார்பனில் உறுதியாக இருக்க வேண்டும். கார்போனைலுக்கு (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பனுக்கு) பக்கத்துக் கார்பன்கூட காரக் கரைசலில் நம்பத் தகுந்ததல்ல. சந்தேகம் வந்தால், ஒரு பங்கை அப்படியே எண்ணுங்கள். இன்னொரு பங்கை ஃப்யூம் ஹுட்டுக்குள் (ஆவியை வெளியேற்றும் பெட்டிக்குள்) உலர்த்தி, மறுபடி கரைத்து எண்ணுங்கள். உங்கள் மூலக்கூறு ஆவியாகாத வகை என்றால், குறைந்த கவுண்ட் தண்ணீராகப் போனதுதான்.

அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் பாட்டிலில் இருக்கும் லேபிள் மூலக்கூறும் அவ்வளவு காலம் தாங்கும் என்று நினைப்பது பெரிய தவறு. தன் கதிர்வீச்சாலேயே மூலக்கூறு சிதைகிறது. நீர்க்கரைசலை மைனஸ் 20 டிகிரியில் மெதுவாக உறைய வைத்தால், பனிப் படிகங்களுக்கு நடுவே மூலக்கூறுகள் நெருக்கமாக ஒதுங்கிச் சிதைவு கூடும். எத்தனால் கலந்து, நீர்த்த நிலையில், உறையாமல் குளிரில் வைப்பது நல்லது. கத்திரி வெயிலில் கரண்ட் போய் ஃப்ரீசர் உருகி, திரும்ப உறைந்திருந்தால், எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியில்) தூய்மை பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், லேபிள் இல்லாத லிகண்டை (ஏற்பியோடு பிணையும் மூலக்கூறை) மிகுதியாகப் போட்ட கண்ட்ரோல் குழாய் இல்லாமல் பிணைப்பைக் கணக்கிடாதீர்கள். ஃபில்டர் தாளிலும் குழாய்ச் சுவரிலும் ஒட்டியது எல்லாம் உங்கள் மொத்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும், கண்ட்ரோல் எண்ணிக்கையைக் கழித்தால்தான் உண்மையான பிணைப்பு தெரியும். போட்ட லிகண்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிணைந்துவிட்டால், கரைசலில் மீதி இருக்கும் அளவே மாறிப்போகும். ஏற்பியைக் குறைத்துப் போடுங்கள்.

எண்ணும்போது நிறமும் உப்பும் ஒளியைக் குறைக்கும், அதற்குக் குவெஞ்ச் திருத்தம் (குறைந்த ஒளிக்கு ஈடுசெய்யும் கணக்கு) வேண்டும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். நம் ஊர் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்த மாதிரிக் குப்பிகளை உடனே எண்ணினால், இல்லாத கவுண்ட் வரும். சில மணி நேரம் இருட்டில் வைத்த பிறகு எண்ணுங்கள்.

கெய்கர் கவுண்டர் அமைதியாக இருக்கிறது என்று மேஜை சுத்தம் என முடிவு கட்டாதீர்கள். டிரிட்டியத்தின் பீட்டா துகளுக்கு அதிகபட்சமே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், காற்றில் சுமார் 6 மில்லிமீட்டர் தாண்டாது. உடம்புக்கு வெளியே இருந்தால் தோலின் மேல்புறமே அதைத் தடுத்துவிடும், உள்ளே போனால்தான் ஆபத்து. டிரிட்டியம் கலந்த நீர் கையுறையையும் ஊடுருவும் என்பதால் இரட்டைக் கையுறை போட்டு அடிக்கடி மாற்றுங்கள். வேலை முடிந்ததும் மேஜை, பிப்பெட், ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தாளால் துடைத்து, அந்தத் தாளைச் சிண்டிலேஷன் கவுண்டரில் எண்ணிப் பதிவேட்டில் எழுதுங்கள்.