மும்பை தாராவியில் வயதுவாரியாக டெங்கு ஆன்டிபாடி கணக்கெடுக்க நினைப்பவர்களுக்கு

மழை ஓய்ந்ததும் 90 அடி சாலைப் பக்கம் ஒரு ஷாமியானா போட்டு, நாலு நாற்காலியும் ஒரு டெக்னீஷியனும் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்து, டெங்கு வந்து போனதற்கு அடையாளமாக உடம்பு உண்டாக்கி வைக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு "நம்ம ஏரியாவில் இத்தனை சதவீதம் பேருக்கு டெங்கு வந்திருக்கு" என்று அறிக்கை விடுவது சுலபம். அந்தச் சதவீதத்தால் எந்தப் பயனும் இல்லை. முகாமுக்கு வருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள்: போன வருஷம் காய்ச்சலில் அடிபட்டவர்கள், பகலில் வீட்டில் இருப்பவர்கள், இலவசம் என்றால் எட்டிப் பார்ப்பவர்கள். தோல் பட்டறையில் நிற்கும் ஆள் வரமாட்டார், ஊசி என்றதும் அலறும் 3 வயதுக் குழந்தையை எந்த அம்மாவும் கூட்டி வரமாட்டார். ஆகவே கூடாரத்தை மறந்துவிட்டு வீடு வீடாகப் போங்கள்.

முதலில் எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காய்ச்சலோடு வருகிறவருக்கு முதல் சில நாட்களில் என்எஸ்1 (வைரஸின் ஒரு புரதம்), நாலைந்து நாளுக்குப் பிறகு ஐஜிஎம் (தொற்றியதும் முதலில் உருவாகும் ஆன்டிபாடி) பார்ப்பார்கள். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். எப்போதாவது டெங்கு வந்து போனதா என்று தெரிய வேண்டுமானால் பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடியைத்தான் தேட வேண்டும், அதுவும் இன்டைரக்ட் எலைசா என்ற லேப் பரிசோதனை முறையில். இங்கே பலர் வழுக்குகிறார்கள்: மருந்துக்கடையில் கிடைக்கும், சில நிமிடங்களில் முடிவு காட்டும் ரேபிட் கார்டிலும் ஐஜிஜி என்று ஒரு கோடு இருக்கிறதே, அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பல கார்டுகளில் அந்தக் கோடு, இரண்டாம் முறை டெங்கு வந்து ஆன்டிபாடி எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் நோயாளியைக் கண்டுபிடிக்க அமைக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு முன் வந்து போனவரை அது தவறவிடும். விலை குறைவு என்று கார்டு வாங்காதீர்கள்.

எலைசாவுக்கும் வரம்பு உண்டு. டெங்குவில் நான்கு வகை இருக்கிறது, எந்த வகை வந்தது என்று இது சொல்லாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உறவுக்கார வைரஸ்களின் ஆன்டிபாடியையும், அதற்கான தடுப்பூசியால் வந்ததையும், சில சமயம் டெங்கு என்று காட்டிவிடும். எனவே சொந்த ஊரில் அந்தத் தடுப்பூசி போட்ட குழந்தையா என்று படிவத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வையுங்கள்.

சரி, வயதுக்கு வருவோம், வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. 2017-18இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு முழுக்க 15 மாநிலங்களில் 12,300 பேரிடம் எடுத்த ஆய்வில் 5 முதல் 8 வயதில் 28.3 சதவீதம், 9 முதல் 17இல் 41 சதவீதம், 18 முதல் 45இல் 56.2 சதவீதம் பேருக்கு டெங்கு ஐஜிஜி இருந்தது. எல்லா வயதும் சேர்ந்து 48.7. அந்த 48.7-ஐ மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது, படிப்படியாக ஏறுவதைப் பார்த்தால்தான் கதை புரியும். 5 முதல் 8 வயதின் நடுவான ஆறரை வயதில் 28 சதவீதம் என்றால், இதுவரை வராத குழந்தைகளில் வருஷத்துக்கு ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு டெங்கு தொற்றிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போடலாம். பெரியவர்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது, அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்ததைத்தான் அவர்கள் ரத்தம் காட்டும். சமீப வருஷங்களில் உங்கள் கல்லியில் (சந்தில்) கொசு என்ன செய்தது என்று சொல்லக்கூடியவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். ஆகையால் குழந்தைகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு பிரிவு என்று நெருக்கமாக வகுத்து, பெரியவர்களுக்கு அகலமாக விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே எடுக்கவே வேண்டாம், தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குழப்பிவிடும்.

எத்தனை பேர்? 30 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள், 7 சதவீதப் புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை என்றால் ஒரு பிரிவுக்குச் சுமார் 165 பேர். ஆனால் ஒரே சாலில் (ஒட்டி ஒட்டி இருக்கும் ஒற்றை அறை வீடுகளின் வரிசையில்) இருப்பவர்களைக் கடிப்பது ஒரே கொசுக்கூட்டம், அவர்கள் முடிவுகள் ஒன்றுபோல இருக்கும், அதனால் ஒன்றரை மடங்காக்கி 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். பணம் இல்லையென்றால் பெரியவர்கள் பிரிவைக் குறையுங்கள், குழந்தைகள் பிரிவில் கை வைக்காதீர்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஏரியாவை நடந்து வரைபடம் போட்டாக வேண்டும். கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணி ஏறினால் மேலே வாடகைக்கு இன்னொரு குடும்பம், அதற்குப் பின்னால் பட்டறையிலேயே தூங்கும் நாலு பையன்கள். கதவை மட்டும் எண்ணினால் பாதிப் பேர் கணக்கில் வரமாட்டார்கள். எல்லாரையும் பட்டியலிட்டு, ஒவ்வொரு வயதுப் பிரிவிலிருந்தும் குலுக்கல் முறையில் பெயர் எடுங்கள். பெயர் வந்தவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பப் போங்கள், மூன்று முறை போயும் கிடைக்காவிட்டால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் குறித்துவிட்டு விட்டுவிடுங்கள். பொங்கலை ஒட்டியும், பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பிவிடும் ஏப்ரல், மே விடுமுறையிலும் வேலை வைக்காதீர்கள். டிசம்பரோ பிப்ரவரியோ சரியான நேரம், அந்த மழைக்காலத் தொற்றும் முடிவில் சேர்ந்துவிடும்.

வயதைக் கேட்பதில் ஒரு சிக்கல். பாட்டிகளைக் கேட்டால் "அறுபது இருக்கும்" என்பார்கள், ஆதாரிலும் பல நேரம் ஜனவரி 1 என்றே இருக்கும். எல்லாரும் நினைவு வைத்திருக்கும் சம்பவங்களைக் கொண்டு கேளுங்கள்: 1984இல் இந்திரா காந்தி இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா, 92-93 கலவரத்தின்போது எத்தனை பிள்ளைகள், 2005 ஜூலை 26 வெள்ளத்தில் பேரன் பிறந்திருந்தானா. அப்புறம், பிறந்ததிலிருந்து மும்பையா, எந்த வருஷம் வந்தீர்கள், ஊரில் எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். போன வருஷம் வந்த பையனின் ஐஜிஜி-யைத் தாராவி தலையில் கட்டுவது நியாயமில்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கக் கூடாது. பெற்றோர் ஒப்புதலோடு, ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதலின்படி 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி சம்மதமும், 12 முதல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும். படிவத்தைத் தமிழில் மட்டும் அச்சடித்துவிட்டுப் போகாதீர்கள். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், மராத்தி மீடியத்தில் படிக்கும் பேரனுக்கு அது மட்டும்தான் வராது. இரண்டும் கையில் இருக்கட்டும், எப்படியும் சத்தமாக வாசித்துக் காட்டத்தான் வேண்டும்.

ரத்தம் எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. பெரியவர்களுக்கு 3 மில்லி போதும். அரை மணி நேரம் உறைய விட்டு, அன்றைக்கே சீரத்தை (மேலே தெளியும் நீரை) பிரித்து, ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்புங்கள். சின்னக் குழந்தைகளுக்கு விரலில் குத்தி ஃபில்டர் பேப்பரில் சொட்டு எடுக்கலாம், ஆனால் கிட் அதற்குச் சரிபார்க்கப்பட்டதா என்று லேபில் முதலிலேயே கேளுங்கள். கடலோர ஈரக்காற்றில் அந்தப் பேப்பர் இரவு முழுக்கக் காய வேண்டும்.

லேப் தரும் சதவீதத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். கிட் தொற்றியவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், தொற்றாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விடும் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் பாசிட்டிவ் என்று வந்தால் உண்மை 17.6, 8 சதவீதம் என்று வந்தால் உண்மை வெறும் 3.5. குழந்தைகள் பிரிவில்தான் எண்கள் சின்னவை, அதனால் இந்தத் திருத்தம் அங்கேதான் அதிகம் கடிக்கும். வட்டாரம் முழுதுக்கும் ஒரு எண் சொல்ல வேண்டுமானால், குழந்தைகளை வேண்டுமென்றே அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்பதால், ஒவ்வொரு பிரிவின் சதவீதத்துக்கும் மக்கள்தொகையில் அந்த வயதினரின் பங்குக்கேற்ற எடை கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். சால் வீடுகளையும் அடுக்குமாடிக் கட்டடங்களையும் கலக்காதீர்கள்: 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் கொரோனா ஆன்டிபாடி பார்த்தபோது குடிசைப் பகுதியில் 57, மற்ற இடத்தில் 16 சதவீதம் வந்தது, சேர்த்துப் போட்டிருந்தால் இரண்டுமே மறைந்திருக்கும்.

முடிவைக் கையில் கொடுக்கும்போது எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்போ இனிமே டெங்கு வராதுல்ல?" வரும் என்று சொல்லுங்கள். வந்த வகை திரும்ப வருவது அரிது, மற்ற மூன்றும் வரலாம், இரண்டாவது தடவை வருவது சிலருக்கு மோசமாகவும் போகும். காய்ச்சலோடு கடும் வயிற்றுவலியோ விடாத வாந்தியோ ரத்தக்கசிவோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைத் தமிழிலும் மராத்தியிலும் அச்சடித்து முடிவுச் சீட்டோடு பின் பண்ணிக் கொடுங்கள். எந்தக் கல்லியில் அதிகம் என்ற விவரத்தைக் வார்டு அலுவலகத்தின் கொசு ஒழிப்புப் பிரிவுக்கு மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.